கொம்பு வண்டுக்கு மருந்து சொல்லுமுன் பேரினத்தைச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் தோட்டப் பகுதியில் மாமரம், காப்பிச் செடி, வீட்டுப் பலகை மூன்றும் துளைபடுவதற்கு 'நீளக்கொம்பு வண்டு' என்று ஒரே காரணம் சொல்லியிருந்தீர்கள். துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் களிமண்ணால் அடைக்கும்படி மூன்றுக்கும் ஒரே பரிகாரமும் அச்சாகியிருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதை அப்படியே செய்தால் காப்பிக்காரருக்கு ஒரு பயனும் இல்லை, மரப்பட்டறைக்காரருக்கு வீண் செலவு, மாந்தோப்புக்காரருக்குப் பாதிப் பலன். மூன்று இடத்திலும் இருப்பது மூன்று வேறு பேரினம் (ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களின் தொகுப்பு). ஒன்று உயிருள்ள மரத்தைத் தின்னும், ஒன்று பட்டைக்கடியில் தொடங்கித் தண்டைச் சுற்றும், இன்னொன்று காய்ந்த பலகையிலேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும். பேரினம் தெரிந்தால் என்ன செய்வது என்பதில் பாதி தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வண்டுகளின் குடும்பமான செராம்பிசிடேயில் உலகெங்கும் 35,000க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் பர்மா இதில் நன்றாகத் தேடப்பட்ட நாடு. இத்தாலியரான லியோனார்டோ ஃபேயா 1885 முதல் 1889 வரை இங்கே சேகரித்த வண்டுகளை லண்டன் அருங்காட்சியகத்தின் சார்லஸ் கஹான் 1894ல் பட்டியலிட்டார். அவரே 1906ல் இந்தியா, இலங்கை, பர்மா மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகுதி எழுதினார். பழைய வனத்துறை ஆட்களிடமும் இணையத்திலும் புழங்குவது இன்றைக்கும் அந்தத் தொகுதிதான். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. லாமியினே என்ற மிகப் பெரிய துணைக்குடும்பம் அதில் சேரவே இல்லை. அதற்கென்று வரவேண்டிய தொகுதி வெளிவரவும் இல்லை. மா, பலா, மல்பெரி, இளந்தேக்கு ஆகியவற்றைத் துளைக்கும் முக்கியமான வண்டுகளெல்லாம் லாமியினேயைச் சேர்ந்தவை. மாமரத்து வண்டை வைத்துக்கொண்டு அந்தத் தொகுதியைப் புரட்டுகிறவர், கிட்டத்தட்ட ஒத்துப்போகிற வேறு ஏதோ ஒரு படத்தில் போய் நின்றுவிடுவார். தவறான பெயர்கள் பரவுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வண்டு கைக்கு வந்ததும் வேண்டியவை 10 மடங்கு கை லென்ஸ் ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று, நல்ல வெளிச்சம். முதலில் அது இந்தக் குடும்பம்தானா என்று பார்க்க வேண்டும். கொம்பின் (உணர்கொம்பின்) நீளத்தை மட்டும் நம்பக் கூடாது. காப்பியைத் துளைக்கும் வண்டுக்குக் கொம்பு, முதுகை மூடும் கெட்டியான முன்னிறகின் அடியைத் தொட்டாலே அதிகம். பாதத்தைப் பாருங்கள். மேலோட்டமாக நான்கு கணுதான் தெரியும். மூன்றாம் கணு இரண்டாகப் பிளந்த மெத்தையாக இருக்கும், அந்தப் பிளவின் அடியில் ஒரு மிகச் சிறிய கணு ஒளிந்திருக்கும். பிறகு கண்ணைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கூட்டுக்கண் உள்பக்கம் குழிந்து, கொம்பின் அடியை அணைத்தபடி இருக்கும். கொம்பு ஒரு சிறு மேட்டின் மேலிருந்து கிளம்பும். இலை வண்டுகளுக்கும் பாதம் இதே மாதிரிதான், ஆனால் கொம்பு அப்படி மேட்டில் நிற்காது, கண் அதை அணைக்காது. உயிரோடு பிடித்தால் இன்னொரு சோதனையும் உண்டு. தலைக்கு அடுத்த பகுதியான முன்மார்பை மேலும் கீழும் ஆட்டி 'கிறீச் கிறீச்' என்று கத்தும். முன்மார்பின் பின் விளிம்பை நடுமார்பின் மேலுள்ள நுண்வரித் தகட்டில் உரசுவதால் வரும் ஒலி அது. இந்தக் குடும்பத்தின் துணைக்குடும்பங்களில் ஒன்றான பிரயோனினேக்கு அந்தத் தகடு கிடையாது.

அடுத்தது துணைக்குடும்பம். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே பிசகும். வண்டைப் பக்கவாட்டில் பிடித்து முகத்தைப் பாருங்கள். நெற்றி செங்குத்தாக இறங்கி வாய் நேராகத் தரையைப் பார்த்தால், அல்லது சற்றுப் பின்வாங்கியே இருந்தால், அது லாமியினே. முகம் சாய்ந்து வாய் முன்னோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் செராம்பிசினே. இது ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயருகே தொங்கும் உணரிழையின் கடைசிக் கணு லாமியினேயில் கூராக முடியும், செராம்பிசினேயில் வெட்டிவிட்டதுபோல் மழுங்கி நிற்கும். லாமியினேயின் முன்காலில், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியின் உள்பக்கத்தில், சாய்வான ஒரு பள்ளம் ஓடும்; அதில் நுண்மயிர் அடர்ந்திருக்கும், கொம்பை இழுத்துத் துடைக்க அது உதவுகிறது. மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகம் வேண்டாம். முன்மார்பின் பக்கவிளிம்பு கத்தி விளிம்பாகக் கூர்ந்து, பல நேரம் பற்களோடு இருந்தால் பிரயோனினே. கண்ணுக்குப் பின்னால் தலை கழுத்தாக ஒடுங்கி, பூவில் மேய்கிற மெலிந்த வண்டாக இருந்தால் லெப்டூரினே. இந்த இரண்டும் நம் வாசகர்களின் தோட்டத்துக்கு அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை.

லாமியினேக்குள் முதலில் சந்திப்பது பட்டோசெரா. மா, அத்தி, பலா மரங்களின் பெரிய வண்டு இதுதான், 5 செ.மீ. வரைக்கும் வளரும். முன்மார்பின் இருபக்கமும் ஒரு முள், முதுகில் முன்மார்பின் மேல் சிவப்போ ஆரஞ்சோ ஆன இரண்டு வளைந்த புள்ளிகள், முன்னிறகுகள் சேருமிடத்திலுள்ள சிறு முக்கோணத் தகடு வெள்ளை, முன்னிறகின் அடியில் கறுத்த மணிமணியான மேடுகள். உடலைத் திருப்பிப் பார்த்தால் பக்கவாட்டில் தலையிலிருந்து வயிறு வரை அகன்ற வெள்ளைப் பட்டை ஓடும். புள்ளியின் நிறத்தை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து. வண்டு செத்துக் காய்ந்ததும் சிவப்பு மஞ்சளாகி வெளுத்துவிடும், பெட்டியிலுள்ள மாதிரியும் மரத்திலுள்ள வண்டும் வேறு வேறு என்று தோன்றும். வெள்ளைத் தகடும் பக்கப் பட்டையும் அப்படி ஏமாற்றுவதில்லை.

இதோடு அடிக்கடி குழம்புவது அப்ரியோனா. அதற்கும் முன்மார்பில் முள் உண்டு, முன்னிறகின் அடியில் கறுப்பு மணிகளும் உண்டு. ஆனால் சிவப்புப் புள்ளி கிடையாது. உடல் முழுக்க மங்கிய மஞ்சளோ சாம்பல் பச்சையோ ஆன மென்மயிர் பூசியிருக்கும், தகடும் அதே நிறம். முன்மார்பின் முதுகில் குறுக்கு மடிப்புகள் ஆழமாகத் தெரியும். கொம்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் அடியில் வெளிறி நுனியில் கறுத்து, வரிவரியாக இருக்கும். மரத்திலேயே வித்தியாசம் தெரியும். மல்பெரி, அத்தி, பலாக் கிளையில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் துளைகள் போட்டு எச்சத்தூளைத் தள்ளியிருந்தால் அப்ரியோனாவின் புழு உள்ளே கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மேல் துளைகளெல்லாம் பழையவை; அவற்றில் என்ன ஊற்றினாலும் புழுவைச் சேராது. ஈரத்தூள் வருகிற கடைசித் துளையைத்தான் பிடிக்க வேண்டும். பட்டோசெராவின் புழு தண்டின் அடிப்பகுதியிலும் தடித்த கிளையிலும் பெரிய, ஒழுங்கற்ற சுரங்கம் போடும், சாறும் நார்நாரான தூளும் வழியும். கூரான உளியால் பட்டையைச் சீவிச் சுரங்க வாயைத் திறந்து, நுனி வளைத்த கம்பியால் புழுவைக் கொக்கிபோட்டு இழுத்து, பிறகு களிமண்ணால் அடைப்பதுதான் உறுதியான வழி. கம்பி நுனியில் புழுவின் வெள்ளைச் சதையைப் பார்க்காமல் அடைத்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம்.

கொம்பின் முதற்கணு தனிக் கவனத்துக்கு உரியது. லென்ஸில் அதன் நுனியைப் பாருங்கள். சொரசொரப்பான சிறு வட்டம் ஒன்று, சுற்றிலும் மெல்லிய வரம்பு கட்டி முழுமையாக மூடியிருந்தால் அது மோனோகாமஸ், அகலோலெப்டா, அனோப்ளோஃபோரா முதலியவை அடங்கிய கூட்டம். வரம்பு ஒரு பக்கம் திறந்திருந்தாலோ இல்லவே இல்லாவிட்டாலோ வேறு கூட்டம். பளபளவென்ற கறுப்பு முன்னிறகில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அனோப்ளோஃபோரா என்று ஓரளவுக்குச் சொல்லலாம். அகலோலெப்டாவையும் மோனோகாமஸையும் பிரிப்பதுதான் கடினம். அகலோலெப்டாவில் பெரும்பாலும் பட்டுப்போல் படிந்த மயிர் முன்னிறகை மூடியிருக்கும், ஆனால் தேய்ந்துபோன மாதிரியில் அது தெரியாது. அப்படிப்பட்ட மாதிரி வந்தால் கூட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே சரி. நம் தேக்குக் கன்றுகளில் அடித்தண்டு, மண்மட்டத்தருகே கழலையாக வீங்கி, உள்ளே புழு வளையமாகத் துளைத்திருந்தால் அது அகலோலெப்டா செர்வினா. அதே புழு கிளெரோடென்ட்ரம் புதர்களிலும் வளர்வதால், கன்றுகளுக்கிடையில் அந்தப் புதரை விட்டுவைத்துக்கொண்டு கன்றுக்கு மட்டும் மருந்தடிப்பதில் பொருளில்லை.

பிடாக் (வேங்கையின் உறவு) மரத்தில் கொம்பின் மூன்றாம் கணுவில் கறுப்பு மயிர்க் குஞ்சம் வைத்த வண்டு கிடைத்தால் அரிஸ்டோபியா. இதைத் தவறவிடவே முடியாது.

இனி செராம்பிசினே. காப்பிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம். பியின் ஊ லுவின், யுவாங்கான் பக்கத்து அரபிக்கா காப்பித் தோட்டங்களில் குளவி மாதிரித் தோற்றமுள்ள, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட சிறு வண்டு கண்ணில் பட்டால் அது சைலோட்ரெகஸா என்று உடனே பார்க்க வேண்டும். இதே வடிவில் குளோரோஃபோரஸ், டெமோனாக்ஸ், ராஃபூமா என்று பேரினங்கள் பல. அவற்றைப் பிரிக்கக் கோடுகளை எண்ணுகிறவர்கள் உண்டு. அது வேலைக்காகாது, மயிர் உதிர்ந்தால் கோடு போச்சு. நெற்றியைப் பாருங்கள். சைலோட்ரெகஸின் நெற்றியில் நெடுக்குவாட்டில் மேடான வரம்புகள் ஓடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்தால் நிழலோடு எடுப்பாகத் தெரியும். குளோரோஃபோரஸில் அந்த மேடுகள் இல்லை. கொம்பின் மூன்றாம், நான்காம் கணுக்களின் உள்நுனியில் முள் இருந்தால் டெமோனாக்ஸ். முள்ளும் இல்லாமல், நெற்றி மேடும் இல்லாமல், இரண்டு கொம்புகளின் அடியும் நெருங்கி நின்றால் ராஃபூமா.

இந்தப் பிரிப்பு வெறும் புத்தக விவகாரம் இல்லை. சைலோட்ரெகஸ் குவாட்ரிபெஸ் உயிருள்ள அரபிக்காவைக் கொல்லும். பெண் வண்டு வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு முதலில் பட்டைக்கடியிலும் பிறகு கட்டைக்குள்ளும் போகும். போகிற வழியெல்லாம் எச்சத்தை இறுக்கி அடைத்துக்கொண்டே போவதால் வெளியே தூள் கொட்டாது. ஆகவே காப்பியில் தூளைத் தேடுகிறவர் எல்லாச் செடியும் நன்றாயிருக்கிறது என்றே முடிவு செய்வார். தண்டைச் சுற்றிப் பட்டை வரிவரியாகப் புடைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். இலை மஞ்சளித்துச் செடி வாடுவது அதற்குப் பிந்திய அடையாளம். சுரங்கம் அடைபட்டிருப்பதால் மண்ணெண்ணெய் உள்ளே இறங்கவும் செய்யாது. புடைப்பு தெரிந்த செடியை வண்டு வெளிவருமுன் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். பிடுங்கியதை விறகாக அடுக்கி வைத்தால் வண்டுகள் அந்த அடுக்கிலிருந்தே புறப்பட்டு வரும். மற்றச் செடிகளுக்கு நிழலை அடர்த்தியாக்குவது, முட்டையிடும் பருவத்துக்கு முன் தண்டின் தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுப்பது, 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் பசை சேர்த்துத் தண்டில் பூசுவது ஆகியவை பலன் தரும். தேய்க்கும்போது பச்சைப் பட்டை கிழியக் கூடாது. ரொபஸ்டா வகைக் காப்பிக்கு இந்தச் சேதம் குறைவு.

குளோரோஃபோரஸ் அனுலாரிஸ் என்பதோ வெட்டிய மூங்கிலின் வண்டு. மஞ்சள் உடலில் கறுப்பு வளையம். மூங்கில் நாற்காலியிலிருந்து இது வந்ததென்று பக்கத்திலுள்ள காப்பிச் செடியைப் பிடுங்கத் தேவையில்லை. மூங்கிலைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த பிறகு வேலைக்கு எடுத்தால் போதும்.

வீட்டு மரத்துக்கு வருவோம். இங்கே மூன்றைப் பிரித்தறிய வேண்டும். ஸ்ட்ரோமேஷியம் காய்ந்த மரத்தின் வண்டு. பழுப்பு நிறம், இரவில் நடமாடும், கூட்டுக்கண்ணின் அறைகள் பெரிதாகக் கரடுமுரடாகத் தெரியும், ஆணின் முன்மார்புப் பக்கங்களில் மயிர் அடர்ந்த, வரம்பு கட்டிய பெரிய பரப்பு ஒன்று இருக்கும். பெண் வண்டு பலகை வெடிப்பிலும் இணைப்பிலும் முட்டையிடும். புழு மேற்பரப்பைத் தாள் கனத்துக்கு விட்டுவிட்டு உள்ளே தின்னும், சுரங்கத்தை மாவால் அடைத்துவிடும், வளர ஆண்டுகள் எடுக்கும். வெளிவந்த வண்டு அதே வீட்டு மரத்தில் மறுபடியும் முட்டையிடும் என்பதுதான் இதன் ஆபத்து. வெளிவரும் துளை நீள்வட்டமாக இருக்கும்; 1, 2 மி.மீ. வட்டத் துளையும் மாவுத்தூளும் என்றால் அது உளுவண்டு, இந்தக் குடும்பமே இல்லை. ஸ்ட்ரோமேஷியம் என்று உறுதியானால் வெள்ளைக்கட்டையோடு (மரத்தின் வெளிப்புற வெளிர்ப் பகுதியோடு) கூடிய துண்டை மாற்றுவது, மற்ற மரத்துக்குப் போரேட் பூசுவது, கழற்ற முடிந்த சாமானைச் சூடேற்றுவது என்று இறங்க வேண்டும். சூடு கட்டையின் நடுவில் 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் விடாமல் நிற்க வேண்டும். ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கான பன்னாட்டு விதி கேட்பதும் இதே அளவுதான். மேற்பரப்பைத் தொட்டுச் சூட்டைப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் தோல்வி வருகிறது.

ஹோப்ளோசெராம்பிக்ஸ் வேறு கதை. பெரிய பழுப்பு வண்டு, முன்மார்பில் குறுக்குச் சுருக்கங்கள், ஆணின் கொம்புக் கணுக்களில் முள். இங்யின் (சால் மரத்தின் உறவு), அதன் உறவு மரங்கள் ஆகியவற்றை நிற்கும்போதோ புதிதாக வெட்டிக் கிடக்கும்போதோ தாக்கும். சரியாகக் காயாத கட்டையோடு பட்டறைக்கு வந்துவிட்டால் அங்கே வெளிவரலாம், ஆனால் காய்ந்த மரத்தில் மறுபடி முட்டையிடாது. வண்டு வெளியேறிய துளையை அடைத்தால் முடிந்தது. அதற்காக வீடு முழுக்க மருந்தடிப்பது பணத்துக்கும் மூச்சுக்கும் கேடு.

மூன்றாவது, தேக்குப் பலகையில் விரல் நுழையும் அளவுக்குச் சுத்தமான நீளத்துளை. பர்மா தேக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இது வண்டே இல்லை. சைலூட்டஸ் செராமிகஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு உயிருள்ள மரத்தில் போட்ட துளை. பலகை அறுத்தபோதே அது பழைய கதை. விலையில் குறைத்துக் கேட்கலாம், மருந்து வேண்டாம்.

பெயர்கள் மாறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு புத்தகத்தில் இரண்டு பெயர் கண்டதும் பலர் இரண்டு வண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். தேக்குக் கன்றின் வண்டு பழைய வனத்துறை ஏடுகளில் டிஹாம்மஸ் செர்வினஸ். டிஹாம்மஸ் 1864ல் வைத்த பெயர், அகலோலெப்டா 1858ல் வைத்தது. இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததும் முந்தியது நின்றது. ஏயோலெஸ்தெஸ் ஹோலோசெரிசியா என்று நாம் படித்த பட்டு மினுங்கும் வண்டு, 2017ல் அந்தக் கூட்டம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்தபோது ட்ரைராக்கிஸ் என்ற பேரினத்துக்கு மாறியது. இனப்பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று அர்த்தம். மாமரத்து வண்டு பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா (டி கீர், 1775). காப்பி வண்டு சைலோட்ரெகஸ் குவாட்ரிபெஸ் செவ்ரோலா, 1863, அடைப்புக்குறி இல்லை. இதைக் கவனித்தாலே பழைய பெயரைத் தேட வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

வாசகர்கள் படம் அனுப்பும்போது முதுகுப் படம் ஒன்றை மட்டும் அனுப்புகிறார்கள்; அதை வைத்துப் பேரினம் சொல்வது பல நேரம் ஊகம்தான். முகம் நேராக, தலை பக்கவாட்டில், கொம்பின் முதல் நான்கு கணுக்கள், அடிவயிறு, முன்கால் என்று ஐந்து படம் கேட்டு வாங்குங்கள், பக்கத்தில் அளவுகோலோடு. வண்டையே அனுப்புவதானால் ஒரு நாள் உறைபெட்டியில் வைத்துக் கொன்று, வலது முன்னிறகின் அடியில் ஊசி குத்த வேண்டும். நடுவில் குத்தினால் பார்க்க வேண்டிய முக்கோணத் தகடு உடைந்துபோகும். ஃபார்மலினில் போட்டால் மூட்டுகள் விறைத்துப் பாதத்தை விரிக்க முடியாது. காய்ந்து சுருண்டதை ஈரத்துணி வைத்த மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால் இளகும், நம் மழைக்காலத்தில் அதற்கு மேல் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சீட்டில் ஊர், தேதி, எந்த மரம், உயிர்மரமா காய்ந்ததா என்று எழுத வேண்டும். கடைசி விவரம் இல்லாவிட்டால் மற்றவற்றால் பாதிப் பயன்தான்.

புழு மட்டும் கிடைத்தால் தலையைப் பாருங்கள். அகலத் தலையும், லென்ஸில் தெரிகிற மூன்று இணைக் குட்டிக் கால்களும் இருந்தால் செராம்பிசினே. நீண்ட தலை, கால் அறவே இல்லை என்றால் லாமியினே. அதற்கு மேல் புழுவை வைத்துப் பேரினம் சொல்லத் துணிய வேண்டாம். கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டுப் பிறகு 70 சதச் சாராயத்தில் வைத்தால் கறுக்காது. துளைபட்ட கட்டையில் இன்னொரு துண்டை இரும்பு டிரம்மில் போட்டு, வாயை இரும்புக் கம்பி வலையால் கட்டி வைத்தால் வண்டு வந்ததும் பெயர் சொல்லலாம். துணியாலோ நைலான் வலையாலோ கட்டினால் கடித்துக்கொண்டு போய்விடும்.

இப்படிக்கு,
மர வண்டுகளை ஆராயும் தங்கள் வாசகர்கள்,
மோல்மேன்